மணி அடிச்சா என்ன செய்வீங்க?

குழந்தைகளே... ஜூன் மாதம் பிறந்துவிட்டால், எங்கள் தென்காசியில் காற்றே மாறிவிடும். வெயில் அடிக்கும்போதே சாரலும் விழும். 'குற்றாலத்தில் சீசன் ஆரம்பம்' என்று அர்த்தம்! அருவியில் நடுங்க நடுங்க குளித்துவிட்டு, தலையைக்கூட துவட்டாமல், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி சாப்பிடும் சுகம் இருக்கிறதே... அதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

ஆனால், இன்று நான் எழுத வந்தது அருவியைப் பற்றி அல்ல. ஒரு விசில் சத்தத்தைப் பற்றி!

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் பள்ளி ஆசிரியர். எட்டாம் வகுப்பு மாணவர்கள், 42 பேரை மெயின் அருவிக்கு கூட்டிச் சென்றிருந்தேன். எல்லாரும் கும்மாளம் போட்டுக் கொண்டிருந்தனர். திடீரென்று, 'பீ... பீ...' என்று விசில் சத்தம். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர், 'வெளியே வாங்க... எல்லாரும் வெளியே வாங்க!' என்று கத்தினார்.

நான் மேலே பார்த்தேன். தண்ணீர் வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் விழுந்து கொண்டிருந்தது. பாதுகாப்பு வளைவைத் தாண்டவும் இல்லை. வானத்தில் வெயில். 'இவர் எதற்கு இப்படி அவசரப்படுத்துகிறார்?' என்று எனக்கே கொஞ்சம் எரிச்சல்.

'சார்... இன்னும் அஞ்சே நிமிஷம் சார்...' என்று பையன்கள் கெஞ்சினர். நானும் போலீஸ்காரரிடம், 'தண்ணி நல்லாத்தானே விழுது... அஞ்சு நிமிஷம் விடக்கூடாதா?' என்று கேட்டேன்.

'சார்... மேலே மலையில மழை. பையன்களை முதல்ல வெளியே கூப்பிடுங்க; அப்புறம் பேசலாம்' என்றார்.

கூப்பிட்டேன். தலையை எண்ணினேன். 41 தான் இருந்தது! மறுபடி எண்ணினேன்; 41. எனக்கு கை, கால் எல்லாம் உதறிவிட்டது. கடைசியில், ஒரு பையன் ஈரத் துண்டோடு பஜ்ஜி கடையில் நிற்பதைக் கண்டுபிடித்தோம். அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறக்கிறேன்... பின்னால் 'ஹோ'வென்று சத்தம். திரும்பினால், அருவி செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. வளைவைத் தாண்டி தண்ணீர் பாய்ந்தது. மரக்கிளைகளும் கூடவே விழுந்தன. சற்று முன் என் பிள்ளைகள் நின்ற இடம் எது என்றே தெரியவில்லை.

நான் கேட்ட அந்த, 'அஞ்சு நிமிஷம்' கிடைத்திருந்தால்? இன்றும் நினைத்தால் தூக்கம் வராது.

2024ம் ஆண்டு, மே 17ல், பழைய குற்றால அருவியில் திடீரென காட்டாற்று வெள்ளம் வந்தது. 17 வயது சிறுவன் ஒருவனை அது அடித்துச் சென்றுவிட்டது. மலை மேல் பெய்யும் மழை, கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்குத்தான் விசில் வேண்டும்.

சரி... அருவி வெள்ளமாவது கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசி வரை கண்ணுக்கே தெரியாத ஆபத்து வந்தால்? சத்தம் இல்லை, வாசனை இல்லை, தொட்டாலும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்பவர்கள் என்ன செய்வர்?

வாருங்கள்... ஜப்பானுக்குப் போவோம்.

துகள் முடுக்கி என்றால்...

எல்லாப் பொருட்களும் அணுக்களால் ஆனவை என்று படித்திருப்பீர்கள். அணுவின் நடுவே அணுக்கரு. அதற்குள் புரோட்டான்கள் உண்டு. அணுக்கருவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதை உடைத்துப் பார்க்க வேண்டும். தேங்காயை உடைக்க அரிவாள் போதும். அணுக்கருவை உடைக்க எந்த அரிவாளும் உதவாது. புரோட்டானையே மின்விசையால் தள்ளித் தள்ளி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்துக்கு கொண்டு வந்து, ஒரு பொருளின் மீது மோத விடுவர். இதைச் செய்யும் இயந்திரம்தான் துகள் முடுக்கி.

ஜப்பானில், டோக்கை என்ற ஊரில், 'ஜே-பார்க்' என்ற பெரிய முடுக்கி நிலையம் உள்ளது. அதன் பெரிய வளையத்தின் சுற்றளவு, ஏறத்தாழ 1.6 கி.மீ., அந்த வளையத்தில் புரோட்டான்கள் சுற்றிச் சுற்றி வரும். பின், அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, விரல் நீளமே உள்ள ஒரு தங்கத் துண்டின் மீது மோத விடுவர்.

மோதும்போது அணுக்கருக்கள் உடையும், கதிர்வீச்சு கிளம்பும். அதனால், முடுக்கி ஓடும்போது யாரும் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. கனமான கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால், கட்டுப்பாட்டு அறையில் இருந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் ஓட்டுவர். சுவிட்சை நிறுத்தினால், புரோட்டான் பாய்வது உடனே நின்றுவிடும். ஆனால், மோதப்பட்ட பொருளில் கதிரியக்கம் கொஞ்ச காலம் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதல்லவா... அதுபோலத்தான்!

பொங்குமாங்கடல் இல்லாத அருவி!

குற்றாலம் மெயின் அருவியை நன்றாகப் பார்த்தவர்களுக்கு, 'பொங்குமாங்கடல்' தெரியும். மேலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவே பாறையில் உள்ள ஆழமான பள்ளத்தில் முதலில் விழும். அங்கே வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே இறங்கும். அந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால், அருவிக்குக் கீழே மனிதன் நிற்க முடியுமா?

ஜே-பார்க்கிலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. வளையத்தில் உள்ள புரோட்டான்கள் மொத்தமாக வந்து மோதாமல், சுமார் 2 விநாடி நேரத்தில் மெல்ல மெல்ல வரும்படி, சில காந்தங்கள் பார்த்துக் கொள்ளும்.

2013ம் ஆண்டு, மே 23. காலை, 11:55 மணி. அந்தக் காந்தங்களில் ஒன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி கோளாறாகிவிட்டது. 20 லட்சம் கோடி புரோட்டான்கள், ஒரு விநாடியின் 200ல் ஒரு பங்கு நேரத்துக்குள் பாய்ந்து, தங்கத் துண்டில் மோதின. பொங்குமாங்கடல் இல்லாத அருவியை நினைத்துப் பாருங்கள்! தங்கம் சூடேறி, ஒரு பகுதி உருகிவிட்டது. அதில் இருந்த கதிரியக்கப் பொருட்கள் கசிந்து, ஆய்வுக்கூடத்துக்குள் பரவின.

அந்த நொடியிலேயே பாதுகாப்புக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. முடுக்கியை தானாகவே நிறுத்தி, எச்சரிக்கையும் கொடுத்தது. விசில் ஊதியாகிவிட்டது!

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் என்ன செய்தனர் தெரியுமா?

எச்சரிக்கையை, 'ரீசெட்' செய்தனர். முடுக்கியை மறுபடியும் ஓட்டினர்!

அவர்கள் படிக்காதவர்களா... கெட்டவர்களா? இரண்டும் இல்லை. உலகத்தரமான நிபுணர்கள். தங்கம் உருகியிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நான் அருவியைப் பார்த்து, 'தண்ணி நல்லாத்தானே விழுது' என்று நினைத்தேனே... அதேதான்.

கொஞ்ச நேரத்தில், ஆய்வுக்கூடத்துக்குள் கதிரியக்க அளவு ஏறுவதை மீட்டர்கள் காட்டின. இது இரண்டாவது விசில். அப்போது, காற்றை வெளியேற்றும் விசிறிகளைப் போட்டுவிட்டனர். மீட்டரில் அளவு இறங்கியது. 'அப்பாடா' என்றிருக்கும். ஆனால், உள்ளே இருந்த அந்தக் காற்று எங்கே போனது? அந்த விசிறிகளில் வடிகட்டி கிடையாது. கதிரியக்கப் பொருட்கள், கட்டடத்துக்கு வெளியே போய்விட்டன!

உள்ளே இருந்தவர்களில், 34 பேர் கதிரியக்கம் கலந்த காற்றைச் சுவாசித்திருந்தனர். நல்லவேளையாக, அளவு மிகவும் குறைவு. அதிகபட்சமாக ஒருவருக்கு, 1.7 மில்லி சீவர்ட். கதிர்வீச்சால் உடலுக்கு ஏற்படும் பாதிப்பை அளக்கும் அலகுதான் சீவர்ட். மண், பாறை, காற்று, வானம் என இயற்கையிலிருந்தே உலகில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு சராசரியாக, 2.4 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய அளவு அல்ல.

அப்படியென்றால், ஏன் உலகம் முழுக்க இது செய்தியானது?

இவ்வளவு நடந்தும், அரசுக்கும், ஊர் மக்களுக்கும் தகவல் சொல்ல, ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான், 2011ல், புகுஷிமா அணுமின் நிலைய விபத்தால் ஜப்பான் மக்கள் நொந்து போயிருந்தனர். 'எங்களுக்கு ஏன் உடனே சொல்லவில்லை?' என்று கேட்டபோது, நிலையத்தாரிடம் நல்ல பதில் இல்லை. தலைகுனிந்து மன்னிப்பு கேட்டனர்.

அதன் பிறகு, தங்கத் துண்டை காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்தனர். காற்று வெளியேறும் வழியில் வடிகட்டி பொருத்தினர். எச்சரிக்கை வந்தால் யார், யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதிகளை மாற்றி எழுதினர். 2015ம் ஆண்டில்தான் அந்த ஆய்வுக்கூடம் மறுபடி வேலையைத் தொடங்கியது. ஒரு, 'ரீசெட்' பட்டனை அழுத்த ஒரு நொடி. சரிசெய்ய கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள்!

அடிக்காத மணி

அடித்த மணியை மதிக்காத கதை இது. மணியே அடிக்காவிட்டால்?

1978ம் ஆண்டு, ஜூலை 13. அன்றைய சோவியத் ரஷ்யாவில், புரோட்வினோ என்ற ஊரில் இருந்த பெரிய முடுக்கியில், அனடோலி புகோர்ஸ்கி என்ற விஞ்ஞானி, பழுதான ஒரு கருவியைக் குனிந்து சோதித்துக் கொண்டிருந்தார். அவரைத் தடுத்திருக்க வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகள் வேலை செய்யவில்லை. புரோட்டான் கற்றை, அவர் தலையின் பின்புறம் நுழைந்து, மூக்கருகே வெளியே வந்தது!

வலியே தெரியவில்லையாம், கண்ணில் பெரிய வெளிச்சம் மட்டும் தெரிந்ததாம். பின், முகத்தின் இடது பக்கம் வீங்கியது. இடது காது கேட்காமல் போனது. முகத்தின் ஒரு பக்கம் அசையவே இல்லை. பிழைக்க மாட்டார் என்றே டாக்டர்கள் நினைத்தனர். ஆனாலும் அவர் பிழைத்தார். படிப்பைத் தொடர்ந்து, டாக்டர் பட்டமும் பெற்றார்.

அதனால்தான், எச்சரிக்கை மணி இருந்தால் மட்டும் போதாது. அது அடிக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துக் கொண்டே இருக்க வேண்டும் என்கின்றனர், பாதுகாப்பு நிபுணர்கள்.

தலையை எண்ணு!

முடுக்கிகள் நம் நாட்டிலும் உண்டு. கொல்கத்தாவில், 1977 முதல் சைக்ளோட்ரான் என்ற வட்ட வடிவ முடுக்கி உள்ளது. மத்திய பிரதேச மாநிலம், இந்தூரில், 'இண்டஸ் - 2' உள்ளது. அதன் வளையம், 172.5 மீட்டர் சுற்றளவு கொண்டது.

இப்படிப்பட்ட இடங்களில், முடுக்கியை ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். ஒருவர் உள்ளே போய், மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்ப்பார். ஆங்காங்கே சுவரில் உள்ள பட்டன்களை அழுத்திக் கொண்டே வருவார். 'இங்கே யாரும் இல்லை' என்று அர்த்தம். எல்லா பட்டன்களையும் வரிசையாக அழுத்தி, கதவையும் பூட்டினால்தான் முடுக்கி ஓடும். ஒரு பட்டன் விட்டுப் போனாலும் ஓடாது! 42 பேரில், 41 பேர்தான் இருந்தால் பஸ் கிளம்பாது அல்லவா... அதே கணக்கு!

சரி... கட்டுப்பாட்டு அறையில் இருக்கும்போது, கதிர்வீச்சு மணி அடித்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை: முடுக்கியை நிறுத்துவது. 'எதற்கு அடித்தது?' என்று யோசித்துக் கொண்டே ஓட்டக் கூடாது. நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

இரண்டாவது: அந்தப் பகுதியில் இருப்பவர்களை வெளியே அழைத்து, ஆட்களை எண்ணுவது. 'என்னவென்று பார்த்துவிட்டு வருகிறேன்' என்று, யாரும் தனியாக உள்ளே ஓடக் கூடாது.

மூன்றாவது: எந்த மீட்டர் அடித்தது, எவ்வளவு காட்டியது, பக்கத்து மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்ப்பது. மீட்டரே பழுதாகியிருக்கலாம். ஆனால், பழுது என்று நிரூபிக்கும் வரை, மீட்டர் சொல்வது உண்மை என்றே நினைக்க வேண்டும்.

நான்காவது: கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கு உடனே சொல்வது. 'திட்டுவார்களோ... வேலை கெட்டுவிடுமோ...' என்று தயங்கக் கூடாது.

ஐந்தாவது: நடந்ததை, நேரத்தோடு நோட்டில் எழுதி வைப்பது. காரணம் தெரிந்து, அந்த அதிகாரி, 'சரி' என்று சொன்ன பிறகுதான், மறுபடி ஓட்ட வேண்டும்.

பார்த்தீர்களா... 'முதல்ல வெளியே, அப்புறம் பேசலாம்' என்று குற்றாலத்து போலீஸ்காரர் சொன்னாரே... இந்த ஐந்தும் அதற்குள் அடங்கிவிட்டன!

பாட்டிக்கு பயம் வேண்டாம்

'இதெல்லாம் விஞ்ஞானிகள் கதை, நமக்கு எதற்கு?' என்று நினைக்காதீர்கள். சின்ன முடுக்கி ஒன்று, உங்கள் ஊர் பக்கத்திலேயே இருக்கலாம்!

புற்றுநோய்க்கு கதிர்வீச்சு சிகிச்சை தருகின்றனர் அல்லவா... அதற்குப் பயன்படும் இயந்திரமும் துகள் முடுக்கிதான். எலக்ட்ரான்களை வேகப்படுத்தி, எக்ஸ்ரே கதிர்களை உண்டாக்கி, நோய் உள்ள இடத்தை மட்டும் குறி வைப்பர். மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களின் சிகிச்சை மையங்களிலும் இந்த இயந்திரம் உண்டு.

அந்த அறையின் சுவர், நம் வீட்டுச் சுவரைப் போல பல மடங்கு தடிமன். நோயாளியை படுக்க வைத்துவிட்டு, மற்றவர்கள் வெளியே வந்துவிடுவர். உங்கள் பாட்டிக்கு இந்த சிகிச்சை நடந்தால், 'என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாங்களே' என்று பயப்படலாம். அவரிடம் சொல்லுங்கள்... வெளியே இருப்பவர்கள் கேமரா வழியாக அவரைப் பார்த்துக் கொண்டே இருக்கின்றனர். மைக்கில் பேசவும் முடியும். கதவு திறந்தால் கதிர் தானாக நின்றுவிடும். அவசரத்துக்கு அழுத்த, சிவப்பு பட்டனும் இருக்கிறது.

அங்கே வேலை செய்பவர்கள் சட்டையில், சின்ன அட்டை ஒன்று குத்தியிருக்கும். அது அவர்கள் உடலில் பட்ட கதிர்வீச்சைக் கணக்கு வைக்கும். நம் நாட்டு விதிப்படி, கதிர்வீச்சு வேலையில் இருப்பவர் பெறும் அளவு, எந்த ஓர் ஆண்டிலும், 30 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது. ஐந்து ஆண்டு சராசரியாக, 20 தான் அனுமதி. ஒரு வளைவு கட்டி, 'தண்ணீர் இதைத் தாண்டினால் குளிக்காதே' என்று குற்றாலத்தில் சொல்வது போல, அவர்களுக்கும் ஒரு வளைவு!

உங்கள் வீட்டு மணி

குழந்தைகளே... உங்களில் யாராவது நாளை, ஒரு முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் உட்காரலாம். அதற்குப் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். ஆனால், மணியை மதிக்கும் பழக்கத்துக்கு இன்றே பயிற்சி எடுக்கலாம்.

வீட்டில் காஸ் வாசனை வந்தால், அதுவும் ஒரு மணிதான். எரிவாயுவுக்கு சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான், கெட்ட வாசனையைக் கலந்து விற்கின்றனர். அப்போது சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். வெளியே வந்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தால், 'ரயிலைக் காணோமே' என்று குனிந்து நுழையாதீர்கள். நூறு முறை ரயில் வராமல் இருக்கலாம். நூற்றியோராவது முறை வரும்.

தவறு நடந்துவிட்டால், மறைக்காமல் உடனே சொல்லுங்கள். ஜப்பான் விஞ்ஞானிகளுக்குக் கூட, தங்கம் உருகியதைவிட, தாமதமாகச் சொன்னதுதான் அதிக அவமானத்தைத் தந்தது.

அன்று பஜ்ஜி கடையில் நின்ற என் மாணவனுக்கு, இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கின்றனர். சீசனுக்கு அவர்களைக் குற்றாலத்துக்கு கூட்டி வருவான்; என்னையும் வந்து பார்ப்பான். போன முறை வந்தபோது, அவன் மகன் என்னிடம், 'தாத்தா... விசில் ஊதினா எங்கப்பா எங்களுக்கு முன்னாடி வெளியே ஓடி வந்துடுறாரு' என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை; பிள்ளைகளின் தலையை எண்ணிக் கொண்டிருந்தான்!